ஒரு பக்கம் மட்டும்

அப்பாவின் மானத்துக்கு மகன் பேசி முடித்த விலை, நாளுக்கு இரண்டு டாக்ஸி சவாரி. போக ஒன்று, வர ஒன்று. காத்திருப்புக் கூலி இதில் சேராது.

கடைத்தெருவில் மகனுக்குப் 'பாதி' என்று பெயர். குழாய், கைகழுவும் தொட்டி, குளியலறைக் கண்ணாடி எல்லாம் மொத்த வியாபாரம். எவர் என்ன விலை சொன்னாலும் அவன் வாய் முதலில் அதில் பாதியைத்தான் சொல்லும். கல்யாணத்துக்கு எங்கள் பக்கம் நூறு பேர் வருவார்கள் என்று மாமனார் சொன்னபோது, "ஐம்பது வெச்சுக்கலாமே மாமா" என்றவன். அந்தப் பட்டப்பெயர் முதலில் அப்பாவுடையது. கடையைக் கைமாற்றியபோது கல்லாச் சாவியோடு அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார்.

அப்படிப்பட்ட மனிதர் கார்ச் சாவி விஷயத்தில் பேரமே பேசவில்லை. மகன் கேட்டதும் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் கைகழுவப் போனார். எதிராளி பேரம் பேசாமல் கொடுத்தால் சரக்கில் ஏதோ கோளாறு என்று சிறுவயது முதல் கற்றவன் பாதி. இருந்தாலும் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

நடந்தது இதுதான். மூன்று வாரத்துக்கு முன்னால் அப்பா அந்தச் சின்னக் காரில் பேத்தியைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்துகொண்டிருந்தார். ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் சரிவில் முன்னால் போன லாரி நின்றது. அப்பா பிரேக்கை அழுத்தினார். கார் இடதுபுறம் ஒதுங்கி, பாலத்துக் கம்பியில் உரசி நின்றது. பின்சீட்டிலிருந்த பாப்பாவின் தாடை முன்சீட்டின் முதுகில் மோதிக் கிழிந்தது. நான்கு தையல். குழந்தைக்கு ஏழு வயது. அழுததைவிட ரத்தத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டதுதான் அதிகம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

"பிரேக் அடிச்சேன். வண்டி தானா இடது பக்கம் போச்சு," என்றார் அப்பா.

எழுபத்து மூன்று வயதுக்காரர் 'வண்டி தானா போச்சு' என்றால் கேட்கிறவர்கள் தலையை ஆட்டுவார்கள், நம்பமாட்டார்கள். மகன் முறையாகத்தான் விசாரித்தான். வண்டியை மெக்கானிக் அக்காவிடம் கொண்டுபோனான். அவர் அதை அலைன்மென்ட் மெஷினில் ஏற்றிப் பார்த்தார். சக்கரங்கள் நிற்கும் கோணத்தைக் காட்டும் கட்டங்கள் எல்லாம் பச்சை. "வண்டியில ஒண்ணுமில்ல தம்பி," என்றார். அவனே எடுத்துச் சமதளச் சாலையில் ஒரு சுற்று ஓட்டினான். நூல் பிடித்தாற்போல் நேராக ஓடியது. கார் யோக்கியம் என்றால் மிச்சம் இருப்பது யார்?

மருமகள் மாமனாரை மரியாதை குறையாமல் பார்த்தாள். "மாமா, பாப்பாவ இனிமே..." என்று ஆரம்பித்து அப்படியே விட்டாள். மீதியை அவரே முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு பாப்பா பக்கத்தில் வந்தால் அவர் பேப்பரை எடுத்து விரித்துக்கொள்வார். காலையில் படித்து முடித்த அதே பேப்பர்.

சாவி போனதில் இன்னொரு இழப்பும் இருந்தது. அம்மா ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் படுத்திருந்தாள். ஒரு பக்கம் கையும் காலும் விழுந்து இரண்டு வருஷம். தினமும் மதியம் அப்பா போய் அவள் தலையை வாரிவிடுவார். அங்கே இருக்கும் பெண்கள் நல்லவர்கள்தான், ஆனால் அவசரக்காரர்கள். சிக்கெடுத்தால் வலிக்கிறது என்று அம்மா கண்ணால் சொல்வாள். அப்பாவின் சீப்புக்கு அவசரம் கிடையாது. இப்போதோ டாக்ஸிக்காரன் இல்லத்து வாசலில் ஹாரன் அடித்து அவசரப்படுத்தினான். இந்த வாரம் ஒருநாள் அப்பா வீட்டுக்குள் வந்து, சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பாதித் தலைதான் வாரினேன்," என்றார். "மீதிய நாளைக்கு வாரிக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன். அவ சரின்னுட்டா."

மறுநாள் காலையில் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பாதியின் எதிரில் வந்து நின்றார்.

"ஒரு பேச்சு பேசிக்குவோம். மெக்கானிக் முன்னாடி நான் ஓட்டிக் காட்டறேன். அந்தம்மா கண்ணால பாக்கட்டும். வண்டியில ஒண்ணுமில்லன்னா சாவிய நான் ஜென்மத்துக்கும் கேக்கல. அது மட்டுமில்ல, பாப்பா கிட்ட நான்தான் பண்ணேன்னு என் வாயால சொல்லிடறேன்."

"வண்டியில ஏதாவது இருந்தா?"

"இருந்தா நீ சொல்லு அவகிட்ட."

பேரம் அவனுக்குப் பிடித்திருந்தது. தோற்க வழியில்லாத பேரம் என்று நினைத்தான்.

பட்டறை தகரக்கூரை போட்ட நீளமான கொட்டகை. உள்ளே ஆள் இறங்கி நிற்கும் குழி ஒன்று, சுவரோரம் பழைய டயர் அடுக்கு, அதன்மேல் டீத் தம்ளர்கள். பின்வாசல் ஒரு சரிவான சந்தில் திறக்கும்; சந்து ரோட்டுக் கதவில் போய் முடியும். மெக்கானிக் அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு விஷயத்தைக் கேட்டார்.

"நான் பாத்து அனுப்பின வண்டியத் திருப்பிப் பாக்கச் சொல்றீங்க."

"ஐயாவோட திருப்திக்கு," என்றான் பாதி.

"இந்த ஊர்ல வண்டி ஆட்டம் கண்டுபிடிக்க என்னை விட்டா ஆள் கிடையாதுன்னு நான் சொல்லல தம்பி. வாசல்ல போர்டுல எழுதியிருக்கு."

"போர்டு யாரும்மா எழுதினது?" என்றார் அப்பா.

"நான்தான் ஐயா."

"அப்ப சரி. நல்ல கையெழுத்து."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்கொண்டு முணுமுணுக்காமல் வேலையில் இறங்கினார்.

முதலில் டயர்களில் காற்றைப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஒரே அளவு. சில சமயம் டயரே வண்டியை ஒரு பக்கம் இழுக்கும் என்று முன்டயர்களை இடம் மாற்றிப் போட்டு, ரோட்டில் ஒரு சிறு ஓட்டம் ஓட்டி வந்தார். வித்தியாசமில்லை. ஜாக்கி கொடுத்து முன்பக்கத்தைத் தூக்கி, ஒவ்வொரு சக்கரத்தையும் மேலும் கீழும் பிடித்து உலுக்கினார். பிறகு பக்கவாட்டில் பிடித்து உலுக்கினார். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டுகளில் ஆட்டம் இருந்தால் கைக்குத் தெரிந்துவிடும். ஒன்றுமில்லை. பிரேக் இரண்டு பக்கமும் சமமாகப் பிடித்தது, சமமாக விட்டது. முன்மூலையை அழுத்திவிட்டால் வண்டி ஒரு தடவை எழுந்து அடங்கியது; ஷாக் அப்சார்பர் நன்றாகத்தான் இருந்தது.

அப்பா ஒரு கவிழ்த்த டப்பாவின் மேல் உட்கார்ந்து, கடையில் தராசைப் பார்ப்பதுபோல் அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை அக்கா 'இதுவும் நல்லாருக்கு' என்றபோதும் அவர் முதுகு கொஞ்சம் கூனிக்கொண்டு போனது. பாதி அதைப் பார்த்தான். தான் நினைத்தபடியே நடக்கிறதே என்று ஒரு நிம்மதி. அந்த நிம்மதி தனக்கு வந்ததே என்று ஒரு கூச்சம். இரண்டும் ஒரே பையில் கிடந்தன.

"போதும்பா," என்றான். "கிளம்பலாம்."

அப்பா எழுந்திருக்கவில்லை. "ஏம்மா, இவ்வளவும் நிக்கற வண்டியில பாத்தது. இல்லன்னா சும்மா ஓடற வண்டியில. நான் நடுரோட்டுல பலமா பிரேக் அடிச்சேன். அப்பதான் அது போச்சு. அப்படிப் பாத்தியா?"

அக்கா கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

"பாக்கல," என்றார்.

பின்சந்தின் மேட்டிலிருந்து அப்பா வண்டியை எடுத்தார். அக்கா கீழே இடதுபக்கச் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பாதியை எதிர்ப்பக்கம் நிறுத்தியிருந்தார். கார் வேகமெடுத்து இறங்கி வந்தது. அப்பா பிரேக்கில் ஏறி நின்றார். காரின் மூக்கு இடதுபுறம் சட்டென்று சாய்ந்தது. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடித்தார். நின்றபிறகு உள்ளுக்குள் எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம்.

"இன்னொரு தரம் ஐயா," என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது.

இரண்டாம் தடவை முடிந்ததும், "தம்பி, இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. சக்கரத்த மட்டும் பாருங்க," என்றார்.

மூன்றாம் தடவை பாதி பார்த்தான். பிரேக் பிடித்த நொடியில் இடது முன்சக்கரம், நெஞ்சில் கைவைத்துத் தள்ளப்பட்ட ஆள்போல், தன் இடத்தைவிட்டு ஒரு விரற்கடை பின்னால் போனது. கூடவே மூக்கும் அந்தப் பக்கம் திரும்பியது. வண்டி நின்று அப்பா காலை எடுத்ததும், ஒன்றும் நடக்காததுபோல் சக்கரம் முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. டொக்.

"நீங்க ஓட்டிப் பாத்தீங்களே, பிரேக் எப்படி அடிச்சீங்க?" என்றார் அக்கா.

"மெதுவா. எப்பவும் மெதுவாத்தான்."

"ஏன்?"

"பிரேக்கும் டயரும் தேயும்ல."

அக்கா வண்டியைக் குழிக்குமேல் நிறுத்தச் சொல்லி, விளக்கோடும் ஒரு கடப்பாரையோடும் கீழே இறங்கினார். பாதியும் இறங்கினான். சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிணைத்து நிற்கும் இரும்புக் கை ஒன்று உண்டு. லோயர் ஆர்ம் என்பார்கள். அது சட்டத்தோடு சேரும் இடத்தில் அதிர்ச்சி தாங்க ஒரு ரப்பர் உருளை, புஷ். அக்கா கடப்பாரையை இடுக்கில் கொடுத்து நெம்பினார். இடது புஷ் சுற்றிலும் அறுந்து, நடுவிலிருந்த இரும்பு, விழப்போகும் பல்போல் ஆடியது. கடப்பாரையை எடுத்ததும் அறுந்த ரப்பர் மறுபடியும் வாயை மூடிக்கொண்டது. முழுசாகத் தெரிந்தது.

"நிக்கறப்ப நல்ல பிள்ளை," என்றார் அக்கா. "மெஷினும் ஏமாந்துச்சு, நானும் ஏமாந்தேன்."

விளக்கை வலதுபக்கம் திருப்பினார். அங்கே ரப்பர் கறுகறுவென்று புதுசு. தயாரித்தவர்கள் வைத்த மஞ்சள் புள்ளிகூட அழியவில்லை.

பாதி அந்தப் புள்ளியை விரலால் தொட்டான். போன வருஷம் இதே குழி. 'ரெண்டுலயும் வெடிப்பு வந்திருக்கு, ஜோடியா மாத்திடுங்க' என்று அக்கா காட்டினார். 'எது ரொம்ப மோசம்?' என்று அவன் கேட்டான். 'வலது.' 'அப்ப ஒரு பக்கம் மட்டும் போடுங்க. இடது அடுத்த தடவை.' அக்கா இரண்டு தடவை வாதாடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். அதோடு முடிந்திருந்தால் அது வெறும் கஞ்சத்தனம். அன்று சாப்பிடும்போது அப்பா கேட்டார், வண்டி வேலை என்ன ஆச்சு என்று. 'ஒண்ணோட விலைக்கு ரெண்டையும் போட்டுட்டு வந்தேன்' என்றான் பாதி. அப்பா கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டுச் சிரித்தார். 'என்னையே மிஞ்சிட்டடா.' நாற்பத்தைந்து வயதில் அந்த ஒரு வாக்கியத்துக்காக அவன் என்ன விலையும் கொடுத்திருப்பான். கொடுத்தும் விட்டான், தன் கையிலிருந்து இல்லை, அவ்வளவுதான். கடையில் அதை நாலு பேரிடம் சொன்னான். சொல்லிச் சொல்லி, இரண்டும் மாற்றியதாக அவனே நம்பிப்போனான்.

"ஞாபகம் இருக்கா தம்பி?" அக்கா மெல்லக் கேட்டார்.

"இருக்கு."

"இடது பழசுங்கறது எனக்கும் மறந்துபோச்சு. பாத்து ஒண்ணுமில்லன்னு சொன்னது நான். அத நான் மேல போய்ச் சொல்லிடுவேன். மத்தத நான் சொல்ல மாட்டேன். பழைய ரப்பர், போச்சுன்னா அதுவும் பொய்யில்ல."

மேலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "என்னம்மா, வண்டியா, நானா?"

"வண்டிதான் ஐயா," என்றார் அக்கா. "முன்னாடி நான் சரியாப் பாக்கல. தப்பு என்னுது."

பாதி குழியிலிருந்து ஏறி வந்தபோது அப்பா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெயித்த களை முகத்தில் இல்லை. கனமான மூட்டையை இறக்கிவைத்தவனுக்கு முதுகு உடனே நிமிராது; அப்படி உட்கார்ந்திருந்தார்.

"எது போச்சு?"

அக்கா புஷ் என்றார், இடதுபக்கம் என்றார்.

"அது போன வருஷம்தானே ரெண்டும் புதுசா போட்டோம்? ஒரு வருஷத்துல அறுந்துபோச்சா?" அப்பாவின் கண்ணில் பழைய கடைக்காரர் எட்டிப்பார்த்தார். "பார்ட்ஸ் வித்தவன் மட்டமான சரக்க தலையில கட்டிட்டான்டா. விடக்கூடாது. வா, இப்பவே அந்தக் கடைக்குப் போய்க் கேப்போம். குழந்தைக்கு அடிபட்டிருக்கு."

நல்ல வாசல் திறந்திருந்தது. உள்ளே நுழைந்தால் போதும். முகம் தெரியாத ஒரு கடைக்காரன் மேல் எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம். பாதி வியாபாரி. வந்த சலுகையை அவன் ஒருநாளும் தள்ளியதில்லை. அப்பா செருப்பைத் தேடக் கால் நீட்டினார். வயதான கால், இடதுகால் வலதுசெருப்பில் போய் நுழைந்தது.

"இடது போடலப்பா," என்றான்.

"என்ன?"

"வலது மட்டும்தான் போட்டேன். உங்ககிட்ட ரெண்டும்னு சொன்னேன்."

அக்கா ஒரு துணியை எடுத்துக்கொண்டு, துடைக்கத் தேவையில்லாத ஏதோ ஒன்றைத் துடைக்கப் போய்விட்டார்.

"காசு மிச்சம் பண்ணத புரிஞ்சிக்கறேன்," என்றார் அப்பா. "பொய் எதுக்கு?"

"சொன்னா நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு."

"பட்டேன்," என்றார் அப்பா. "நல்லாத்தான் சந்தோஷப்பட்டேன்."

அவ்வளவுதான். அவர் திட்டியிருந்தால் அவனும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மூச்சுவிட்டிருப்பான். அவர் அக்காவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, ரெண்டு பக்கமும் போடு. ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னு வேணாம், ஜோடியா போடு. என்ன ஆகும்?"

அக்கா தொகையைச் சொன்னார். வழக்கம்போல் இழுத்துக் குறைப்பார்கள் என்று கூட்டித்தான் சொன்னார். "சரி," என்றார் அப்பா.

அக்கா திகைத்துப்போனார். "பேரம் பேசாத ஆளுக்கு எனக்கு விலை சொல்லத் தெரியல ஐயா," என்று சொல்லி, அவராகவே குறைத்துச் சொன்னார்.

மதியத்துக்குள் வேலை முடிந்தது. மறுபடியும் மெஷினில் ஏற்றிக் கோணம் சரிபார்த்து, மறுபடியும் சந்தில் இறக்கிப் பார்த்துவிட்டுத்தான் அக்கா சாவியைக் கொடுத்தார். நேராக அப்பாவின் கையில் கொடுத்தார்.

அப்பா ஓட்ட, பாதி பக்கத்தில் உட்கார்ந்தான். பாலத்துச் சரிவு வந்தது. பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு அப்பா வேண்டுமென்றே பலமாக அழுத்தினார். கார் கோடு கிழித்தாற்போல் நேராக நின்றது. இடதுபக்கக் கம்பியில் அவர்கள் காரின் பெயின்ட் ஒரு முழ நீளத்துக்கு இன்னும் ஒட்டியிருந்தது.

பாலம் தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினார்.

"ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு லாரியோட பின்னாடி லைட் எரிஞ்சத நான் கொஞ்சம் தாமசமாத்தான் பாத்தேன். அதனாலதான் அவ்வளவு பலமா அடிக்க வேண்டி வந்துச்சு. அத யாரும் கேக்கல, நானும் சொல்லல."

"அப்பா..."

"இழுத்தது வண்டி. தாமசமானது நான். வர்ற வாரம் கண்ணு காட்டிட்டு வர்றேன். டாக்டர் சொல்றவரைக்கும் பாப்பாவ ஏத்தமாட்டேன். மருமக கிட்ட நானே சொல்லிக்கறேன்."

பாதி ரோட்டைப் பார்த்தபடி கேட்டான். "என் பங்கு எவ்வளவுப்பா?"

"அத எங்கிட்ட பேசாத," என்றார் அப்பா. "நான் பெத்தவன். கேக்கறதுக்கு முன்னாடியே பாதியக் குறைச்சுடுவேன். பாப்பா கிட்ட போய்ப் பேசு. காலைல பேசிக்கிட்டது அதுதானே?"

பராமரிப்பு இல்லத்து வாசலில் காரை நிறுத்திவிட்டு அப்பா சீப்போடு உள்ளே போனார். பாதி காரிலேயே இருந்தான். ஒரு தடவை, பழக்கதோஷத்தில், நேரமாகிறதே என்று அவன் கை ஹாரன் பக்கம் போனது. எடுத்துக்கொண்டான். அப்பா திரும்பி வந்தபோது சீப்பில் நரைமுடி இரண்டு சுற்றியிருந்தது. அதைப் பிரித்தெடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் பாப்பா தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். தாடையில் தையல் பிரித்த தழும்பு, இளஞ்சிவப்பாக. பாதி அவள் எதிரில் உட்கார்ந்தான். எத்தனையோ முதலாளிகளிடம் எடுத்த எடுப்பில் பேசிய வாய்க்கு முதல் வார்த்தை கிடைக்க நேரமாயிற்று.

"பாப்பா, அன்னிக்கு அடிபட்டுச்சுல்ல. கார் உடைஞ்சிருந்துச்சு. அத சரி பண்ணச் சொன்னாங்க. நான் பண்ணல. பண்ணிட்டேன்னு தாத்தா கிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் விரலால் தாடையைத் தொட்டுப் பார்த்தாள். "அப்ப இது நீயா?"

"ஆமா."

"தாத்தா இல்லையா?"

"கொஞ்சம்தான். முக்கால்வாசி நான்."

பாப்பா அவனை ஒரு முழு நிமிஷம் எடைபோட்டாள். மன்னிப்பும் சொல்லவில்லை, கோபமும் காட்டவில்லை. கலர் பென்சில்களைப் பொறுக்கிக்கொண்டு எழுந்து, கூடத்தில் பேப்பரை விரித்து உட்கார்ந்திருந்த தாத்தாவிடம் போனாள். பேப்பருக்கும் அவருக்கும் நடுவில் தலையை நுழைத்து மடியில் ஏறிக்கொண்டாள். பேப்பர் கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. பாதி தரையிலேயே, அவள் பாதியில் விட்டுப்போன படத்தின் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

அன்றைய கணக்கு: புஷ் ஒரு ஜோடி, கூலி, கோணம் பார்த்தது, எல்லாம் கொடுத்தாயிற்று. டாக்ஸி, நிறுத்தியாயிற்று. அம்மாவின் தலை, முழுதும் வாரியாயிற்று. அப்பா குனிந்து நடந்த மூன்று வாரம், பாக்கி. தாடையில் நான்கு தையல், பாக்கி. தள்ளுபடி எதுவும் கேட்கப்படவில்லை.